வெர்னாவின் மூக்கு

வெர்னா ட்ரெபானியேவுக்கு 'வெங்காயம்' என்று பேர் வைத்தவன் நான்தான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் மற்றதைச் சொல்வது எனக்குச் சுலபம்.

எங்கள் மாக்ஸி ஊரில் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்கள் பதினாலு பேர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறோம். மாதத்தில் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் கூடத்தில் கூடுவோம். நான் செயலாளர். யார் என்ன கொண்டுவந்தார்கள், அதைக் குடித்துவிட்டு யார் என்ன சொன்னார்கள் என்று நோட்டில் எழுதுவது என் வேலை. ஊரைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் ஹாப்ஸ் தோட்டம். பதினெட்டடிக் கம்பத்தில் கயிறு பிடித்து ஏறுகிற கொடி அது. அதில் கொத்துக் கொத்தாகத் தொங்கும் பச்சைப் பூதான் பீருக்குக் கசப்பையும் மணத்தையும் கொடுக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் பொட்டலம் பிரித்து முகர்வதை நாங்கள் ஆகஸ்ட் கடைசியில் ஜன்னலைத் திறந்தாலே முகர்கிறோம். அதனாலோ என்னவோ, எந்த ஹாப்ஸ் உசத்தி என்பதில் இங்கே எல்லோருக்கும் ஒரு கருத்து உண்டு. அதை விட்டுக்கொடுக்கிற வழக்கம் மட்டும் கிடையாது.

நான் கிளஸ்டர் கட்சி. பழைய ரகம், முரட்டுக் கசப்பு. "அது பூனை மூத்திரம்டா" என்பான் ரூபன் கின்டனில்லா. ரூபன் பல் டாக்டர்களுக்குப் பல்செட் செய்து கொடுப்பவன். சங்கத்தில் அவன் குரல்தான் பெரிது, பீரும் அவனுடையதுதான் நல்லது என்பதை நாங்கள் முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொள்வோம். அவனுக்கு உயிர், மொசேக் என்ற ரகம். அதைப் போட்டுக் காய்ச்சிய பீரைக் கிளாசில் ஊற்றி, மூக்கை உள்ளேயே விட்டு, "ப்ளூபெர்ரி... கொஞ்சம் மாம்பழம்... ஆகா" என்று கண்ணை மூடிக்கொள்வான். நாங்களும் மூடிக்கொள்வோம்.

வெர்னா சங்கத்தில் சேர்ந்தபோது அவளுக்கு ஐம்பத்துநாலு வயது. மாவட்டச் சாலைத் துறையில் வேலை. குளிர்காலத்தில் பனி வாரும் வண்டி, கோடையில் மண் ரோட்டைச் சமன்படுத்தும் வண்டி. இருபத்தாறு வருஷம் அந்த எஞ்சின்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததில் இடது காது பாதி போய்விட்டது. அதனால் பேசும்போது தலையைக் கொஞ்சம் சாய்ப்பாள். தெரியாதவர்களுக்கு அவள் ஏதோ சந்தேகப்படுகிறாள் என்று தோன்றும். பேச்சு குறைவு. பீர் காய்ச்சவேண்டும் என்ற ஆசையெல்லாம் அவளுக்கு இருந்ததில்லை. அவள் புருஷன் லைல் ஒரு பள்ளிக்கூடத்தில் கொதிகலன் பார்ப்பவர். அங்கே நடந்த குலுக்கலில் அவருக்குப் பீர் காய்ச்சும் சாமான் ஒரு பெட்டி விழுந்தது. விழுந்த வாரமே அவர் கால் கட்டைவிரல் வீங்கிப்போக, டாக்டர் பீரைத் தொடவே கூடாதென்று சொல்லிவிட்டார். பெட்டியைத் திருப்பிக் கொடுக்க லைலுக்கு வெட்கம். சும்மா வைத்திருக்க வெர்னாவுக்கு மனசில்லை. வான்கோழி பொரிக்கிற பெரிய பாத்திரத்தைப் பின்வாசல் படிக்கட்டுக்குப் பக்கத்தில் அடுப்பில் ஏற்றினாள். சூட்டை ஒரே நிலையில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டே நிற்பது அவளுக்குப் பிடித்துப்போனது. "பனி வார்ற பிளேடு மாதிரிதான். கொஞ்சம் ஏத்துனா பனி நிக்கும், கொஞ்சம் எறக்குனா ரோடு பேந்துரும்" என்று என்னிடம் ஒருமுறை சொன்னாள்.

அவள் வந்த முதல் கூட்டத்தில் ரூபன் தன் மொசேக் பீரைச் சுற்றில் விட்டான். எல்லோரும் ஒரு வாய் குடித்து, ப்ளூபெர்ரி என்றோம், மாம்பழம் என்றோம். ஒருவர் கொய்யா என்றுகூடச் சொன்னார். அவர் கொய்யாவை எங்கே பார்த்தாரோ தெரியாது.

"புதுசா வந்தவங்க சொல்லட்டும். வெர்னா, உனக்கு என்ன வருது?" என்றான் ரூபன்.

வெர்னா இன்னொரு முறை முகர்ந்தாள். "வெங்காயம்."

"என்னது?"

"வெங்காயத்தாள். நேத்து நறுக்கி மூடாம வச்ச மாதிரி."

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. ரூபனும் சிரித்தான், ஆனால் காது சிவந்துவிட்டது. அப்போதுதான் நான் பேனாவைத் தூக்கிப் பிடித்து, "சரி, மிஸ் வெங்காயம் கருத்துச் சொல்லிட்டாங்க, நோட்டுல ஏத்திக்கறேன்" என்றேன். ஏற்றவும் செய்தேன். நான் சொன்ன நகைச்சுவைகளில் அந்தச் சங்கத்தில் நிலைத்தது அது ஒன்றுதான். அடுத்த மாதம் அவள் உள்ளே நுழைந்ததும் "வா வெங்காயம்" என்றார்கள். கிறிஸ்துமஸுக்கு யாரோ வெங்காயம் வரைந்த கோப்பை கொடுத்தார்கள். அவள் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள். அவளுக்கு அது ஒரு விஷயமே இல்லை என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். பனி வாருகிறவள், தடித்த தோல் என்று.

அவள் காய்ச்சியதெல்லாம் காஸ்கேட் ரகம் போட்ட பீர்தான். பப்ளிமாஸ் தோலைக் கிள்ளியது போல ஒரு மணம், அளவான கசப்பு, அலட்டல் கிடையாது. யாரும் அதைப் பாராட்டிப் பேசியதில்லை, மிச்சம் வைத்ததும் இல்லை.

ஆறு வருஷம் இப்படிப் போனது. அந்த ஆறு வருஷத்தில் என் கண்ணெதிரே நடந்த ஒன்றை நான் கவனிக்கவில்லை. முதலில் வெர்னா மற்றவர்கள் பீரைப் பற்றிச் சொல்வதைக் குறைத்தாள். பிறகு கடைசி ஆளாகச் சொன்னாள். பிறகு, முந்தின ஆள் சொன்னதையே சொல்ல ஆரம்பித்தாள். என் நோட்டைப் பின்னால் புரட்டிப் பார்த்தபோது வரிசையாகத் தெரிந்தது: ப்ளூபெர்ரி, ரூபன். ப்ளூபெர்ரி, நான். ப்ளூபெர்ரி, வெர்னா.

போன வருஷம் மே மாதம் எங்கள் சங்கத்து வருடாந்திரப் போட்டி. ஐவன் ஸ்டோல்ட்ஸ் என்று ஒருவர் இரண்டு மாதம் முன்னால்தான் ஸ்போகேன் நகரத்திலிருந்து வந்து சேர்ந்திருந்தார். ஃப்ரிட்ஜ் மெக்கானிக், நாற்பது வயதுக்குமேல், எதையும் பொறுமையாகக் கேட்டுக் கற்றுக்கொள்கிற மனிதர். அவர் பீர் எங்கள் மேஜைக்கு வந்தது. நடுவர்கள் நானும் வெர்னாவும். யாருடைய பீர் என்று எங்களுக்குத் தெரியாது, ஆனால் என்ன ஹாப்ஸ் போட்டது என்று ஒரு கார்டு கூடவே வரும். கார்டில் மொசேக் என்று இருந்தது. நான் ஒரு வாய் குடித்துவிட்டு 'ப்ளூபெர்ரி, மாம்பழம், நல்ல மணம்' என்று எழுதி முடித்தேன். வெர்னா பென்சிலால் எதையோ எழுதினாள், ஒரு நிமிஷம் கார்டைப் பார்த்தாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். எட்டிப் பார்த்தேன். 'ப்ளூபெர்ரி, மாம்பழம்.'

பரிசெல்லாம் கொடுத்து முடிந்து கார் நிறுத்துமிடத்தில் நாங்கள் நின்றுகொண்டிருந்தபோது ஐவன் இரண்டு தாள்களோடு வந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. கத்துக்கலாம்னுதான் கேக்குறேன். இதுல ப்ளூபெர்ரி எங்க வந்துச்சு உங்களுக்கு?"

"ஏன்? மொசேக்னா அதானே" என்றேன்.

"மொசேக் போடல. கார்டு குடுத்தப்புறம் பாத்தா பொட்டலம் கிழிஞ்சு காத்துப்பட்டு வீணாயிருந்துச்சு. செண்டெனியல்ங்கற ரகத்தத்தான் போட்டேன். கார்ட மாத்த மறந்துட்டேன், என் தப்புதான்." பிறகு வெர்னாவின் தாளை வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். "இங்க அழிச்ச எடத்துல 'ஆரஞ்சுத் தோல், பைன்'னு லேசாத் தெரியுது. அதுதான் சரி. அத ஏன் அழிச்சீங்க?"

வெர்னா தாளை ஒரு தடவை பார்த்தாள். கழுத்திலிருந்து மேலே சிவந்தாள். வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

நான் ஜன்னல் பக்கம் போய், "விடு வெர்னா. எல்லாரும் கார்டப் பாத்துத்தான் எழுதுறோம்" என்று சிரித்தேன்.

"நீ கார்டப் பாத்து எழுதின. நான் மூக்கு சொன்னத அழிச்சுட்டு எழுதினேன். ரெண்டும் ஒண்ணு கெடையாது" என்றாள். அவள் என்னிடம் கோபமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

அதற்கப்புறம் நடந்ததை லைல் எனக்குச் சொன்னார். 'ஒரு பீருக்குத் தப்பா எழுதிட்டேன்' என்று மட்டும் சொன்னவள், இரண்டு நாள் சாயங்காலமும் பின்வாசல் படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். மூன்றாம் நாள் சாப்பாட்டு மேஜையில் லைல் கேட்டார்:

"அந்த ஆளு பீரு அவ்ளோ மோசமா?"

"நல்ல பீரு."

"அப்ப அத எழுதியிருக்கலாம்ல?"

"எழுதினேன். அப்புறம் பயந்துட்டேன்."

"பனிப்புயல்ல மலை ரோட்டுல வண்டி ஓட்டுறவ, எதுக்கு பயந்த?"

"அங்க யாரும் சிரிக்க மாட்டாங்க, லைல்."

லைல் கத்தியையும் முள்கரண்டியையும் கீழே வைத்துவிட்டார். ஆறு வருஷமாகச் சமையலறைக் கொக்கியில் அந்த வெங்காயக் கோப்பை தொங்குகிறது. அவரே அதில் தினமும் காப்பி குடித்திருக்கிறார். "எனக்கே தெரியல பாரு" என்று என்னிடம் சொன்னபோது அவர் முகம் எனக்குப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

அன்று சாயங்காலமே இருவரும் ஐவன் வீட்டுக்குப் போனார்கள். அவர் வாசலில் ஒரு கம்ப்ரசரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். வெர்னா நின்றபடியே சொன்னாள்: "உங்க பீருக்கு நான் பொய் எழுதிட்டேன். மன்னிச்சுக்குங்க. வேற தாள் இருந்தாக் குடுங்க, சரியா எழுதித் தரேன்."

ஐவனிடம் பீரும் மிச்சம் இருந்தது. ஒரு கிளாஸ் ஊற்றினார். வெர்னா வண்டியின் பானட்டில் தாளை வைத்து இருபது நிமிஷம் எழுதினாள். ஆரஞ்சுத் தோல், பைன் மரப் பிசின், கடைசியில் கசப்பு நாக்கைச் சுரண்டுகிறது, ஹாப்ஸை இன்னும் பத்து நிமிஷம் கழித்துப் போட்டுப் பாருங்கள் என்று. ஐவன் அதை இரண்டு தடவை படித்தார்.

"இதத்தான் நான் எதிர்பார்த்தேன். ஒண்ணு கேக்கலாமா? உங்கள ஏன் எல்லாரும் வெங்காயம்னு கூப்பிடுறாங்க? நீங்க வெங்காயம் பயிர் பண்றவங்கன்னு இவ்ளோ நாளா நெனச்சிட்டிருந்தேன்."

லைல் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். வெர்னாவும் சிரித்தாள். பிறகு கதையைச் சொன்னாள்.

"அப்ப இன்னும் உங்களுக்கு அதுல வெங்காயம்தான் வருதா?" என்றார் ஐவன்.

"வருது. ஒரு தடவகூட வராம இருந்ததில்ல."

"அப்ப அது பொய்யா இருக்க முடியாதே. ஒரு எடத்துல வாயு கசியுதுன்னா எல்லா மூக்குக்குமா முதல்ல தெரியுது?"

ஜூன் மாதக் கூட்டத்துக்குமுன் வெர்னா எனக்குப் போன் செய்தாள். பதினைந்து நிமிஷம் வேண்டும், வேறு ஒன்றும் கேட்காதே என்றாள். கூட்டத்துக்கு ஜாம் பாட்டில்கள் ஆறு கொண்டுவந்தாள். ஒவ்வொன்றுக்கும் வெளியே அலுமினியத் தாள் சுற்றி, ஒன்று முதல் ஆறு வரை எண் போட்டிருந்தது. உள்ளே நசுக்கிய ஹாப்ஸ். என்ன ரகம் என்று அவளுக்கும் அவள் சட்டைப்பையில் இருந்த சீட்டுக்கும் மட்டும்தான் தெரியும்.

"பேசக் கூடாது. பக்கத்துல பாக்கக் கூடாது. மோந்து பாத்து, என்ன ஞாபகம் வருதோ அத எழுதுங்க. பேரு போட வேண்டாம்" என்றாள். அதற்குமுன் அந்தக் கூடத்தில் அவள் அத்தனை வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசியதில்லை.

ரூபனின் மனைவி நோயெலியா வழக்கம்போலப் பின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ரூபன் குடிப்பதால் வண்டி ஓட்டுவதற்காக அவள் வருவாள். சோளத் தோலில் சுற்றி அவித்த தமாலே கட்டிக்கொண்டு வந்து எங்களுக்குக் கொடுத்துவிட்டு, போனில் எதையாவது பார்த்துக்கொண்டிருப்பாள். வெர்னா அவளிடமும் ஒரு தாளை நீட்டினாள்.

"நான் மெம்பர் இல்லையே."

"மூக்கு இருக்குல்ல?"

லைலுக்கும் ஒரு தாள் கிடைத்தது. எழுதி முடித்துத் தாள்களைக் கலைத்து வெர்னா ஒவ்வொன்றாகப் படித்தாள். முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. ஒருவர் மூன்றாம் பாட்டிலுக்கு 'என் மாமனாரின் கார்' என்று எழுதியிருந்தார். லைல் ஆறுக்கும் 'வைக்கோல்' என்று எழுதியிருந்தார். பிறகு வெர்னா சொன்னாள், இரண்டும் ஐந்தும் ஒரே ஹாப்ஸ், மொசேக் என்று. நான் இரண்டாம் பாட்டிலுக்கு 'பீச் பழம்' என்றும் ஐந்தாவதுக்கு 'ஈர மரம்' என்றும் எழுதியிருந்தேன். இன்னும் நாலைந்து பேர் கதையும் அதுதான். ஒரு தாளில் மட்டும் இரண்டுக்கும் 'ப்ளூபெர்ரி' என்று இருந்தது. அது யாருடைய கையெழுத்து என்று எல்லோருக்கும் தெரியும். ரூபன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான்.

வெர்னா அடுத்த தாளை எடுத்தாள். "ரெண்டு: வெங்காயம், பூண்டு. அஞ்சு: மறுபடி வெங்காயம்." இன்னொரு தாள். "ரெண்டு: பூண்டு ரொட்டி. அஞ்சு: வெங்காயத்தாள்."

இரண்டாவது தாள் ஐவனுடையது. கையைத் தூக்கிவிட்டார். "எனக்கே இப்பத்தான் தெரியுது. பூண்டு வாடை அடிச்சுதுன்னு, பொட்டலம் வீணாயிடுச்சுன்னு நெனச்சுத் தூக்கிப் போட்டேனே, அது நல்லாத்தான் இருந்திருக்கும்போல."

"அப்ப மொதல் தாளு? யாரு அந்த இன்னொரு வெங்காயம்?" என்றான் ரூபன், சிரித்துக்கொண்டே கூடத்தைச் சுற்றிப் பார்த்தபடி.

"நான்தான்" என்றாள் நோயெலியா.

ரூபன் திரும்பினான். "நீயா?"

"நான்தான். ஒம்பது வருஷமா."

"ஒம்பது வருஷமா என் பீர்ல உனக்கு வெங்காயமா வருது?"

"பூண்டும்."

"ஒவ்வொரு தடவையும் நல்லாருக்குன்னு சொன்னியே!"

"சொன்னேன். மொத ரெண்டு வருஷம் உன் மனசு நோகக் கூடாதுன்னு. அப்புறம் ஒரு நாள் சொல்லிடலாம்னு நெனச்சேன். அதுக்குள்ள இவங்க வந்து சொன்னாங்க." வெர்னாவைக் கைகாட்டினாள். "நீங்கல்லாம் சேந்து என்ன பண்ணீங்கன்னு இதே நாற்காலியில உக்காந்து பாத்துட்டிருந்தேன். அதுக்கப்புறம் எவ வாயத் திறப்பா?"

யாரும் சிரிக்கவில்லை. நான் நோட்டை மூடி வைத்தேன். ரூபன் மெதுவாக எழுந்து பின் நாற்காலிக்குப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். என்ன பேசிக்கொண்டார்களோ கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வெர்னாவிடம் வந்தான்.

"எனக்கு நெஜமாவே ப்ளூபெர்ரிதான் வருது, வெர்னா. நடிக்கல."

"தெரியும். ரெண்டு பாட்டிலுக்கும் அதையே எழுதியிருக்கியே. இந்தக் கூடத்துல உன் மூக்குக்குச் சமமா வேற ஒண்ணு கெடையாது."

"அப்ப அன்னைக்கி நான் சிரிச்சிருக்கக் கூடாது."

"கூடாது" என்றாள் வெர்னா. அவ்வளவுதான். ஒரு தமாலேயை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள்.

எல்லோரும் போனபின் அவள் பாட்டில்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் துணியை எடுத்துத் துடைக்க நின்றேன்.

"அந்தப் பேரு நான் வச்சது" என்றேன்.

"தெரியும். பக்கத்துலதானே இருந்தேன்."

"நோட்டுல இருக்கு. அடிச்சுடவா?"

அவள் தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தாள். காது கேட்காமலா, யோசித்தா என்று தெரியவில்லை. "நான் சொன்னது இருக்கட்டும், அது சரி. பேர மட்டும் அடி."

வீட்டுக்கு வந்து ஆறு வருஷத்து நோட்டுகளையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாற்பத்தோரு இடத்தில் அடித்து, மேலே வெர்னா என்று எழுதினேன். எழுத எழுதத்தான் அது எத்தனை என்று தெரிந்தது.

அதற்கப்புறம் ரூபன் காய்ச்சுகிற விதம் மாறிவிட்டது. முளைவிட்ட பார்லியில் எடுத்த மால்ட் கரைசலைக் கொதிக்கவைத்து இரண்டு பாத்திரமாகப் பிரிக்கிறான். ஒன்றில் மொசேக். இன்னொன்றில் நோயெலியா முகர்ந்து பார்த்து எடுத்துக் கொடுப்பது. இப்போதைக்கு அது சாட்ஸ் என்கிற செக் நாட்டு ரகம், காய்ந்த மூலிகை போல மெல்லிசாக மணக்கும். "அது என்ன பீரா, வெந்நீரா?" என்று ரூபன் அலுத்துக்கொள்வான். ஆனால் அவள் ஒரு கிளாஸை முழுசாகக் குடித்து முடித்ததை, கல்யாணமான இத்தனை நாளில் அந்தப் பீரை முதலில் திறந்த அன்றைக்குத்தான் பார்த்தானாம். அதை ஜூலைக் கூட்டத்தில் எழுந்து நின்று, ஏதோ பரிசு வாங்கியவன் மாதிரி எங்களுக்குச் சொன்னான். நோயெலியா இப்போது சங்கத்தில் மெம்பர். வண்டி ஓட்டுகிற முறை அவர்களுக்குள் மாறி மாறி வருகிறது.

வெர்னா எப்போதும்போலத்தான் இருக்கிறாள். அதிகம் பேசுவதில்லை. ஆனால் போட்டியில் அவள் மேஜைக்குத் தங்கள் பீர் போகவேண்டும் என்று எங்களில் பாதிப் பேர் வேண்டிக்கொள்கிறோம், மீதிப் பேர் பயப்படுகிறார்கள். என் கிளஸ்டர் பீருக்கு அவள் இந்த வருஷம் எழுதிய தாளில் முதல் வரி, 'கருப்பு திராட்சை'. இரண்டாவது வரி, 'கொஞ்சம் பூனை'. ரூபனிடம் நான் அதைக் காட்டவில்லை.

இந்த செப்டம்பர் அறுவடையின்போது வெர்னாவும் நோயெலியாவும் முதன்முறையாகச் சேர்ந்து காய்ச்சினார்கள். காயவைக்காத பச்சை ஹாப்ஸில். வெர்னாவின் ஒன்றுவிட்ட தம்பி தன் ஹாப்ஸ் தோட்டத்தில் வரப்போரம் இயந்திரம் எட்டாத கொடிகளைப் பறித்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். இருவரும் ஆளுக்கொரு தலையணை உறையோடு போனார்கள். நானும் ஏணி பிடிக்கப் போயிருந்தேன். நோயெலியா ஒவ்வொரு பூவாகக் கசக்கி, உள்ளே இருக்கும் மஞ்சள் தூளை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து, "இது வேணாம், அது" என்று கொடி கொடியாகப் போய்க்கொண்டிருந்தாள். கை கருத்துப் பிசுபிசுத்தது.

"இப்பிடிப் பொறுக்கினா நாளைக்கித்தான் வீட்டுக்குப் போவோம்" என்றாள் வெர்னா.

"நீ சும்மா இரு. எனக்கு இதுல எலுமிச்ச வருது."

"எனக்கு வரல. எனக்கு மிளகு."

"அப்ப ரெண்டையும் போடுவோம்."

ரெண்டையும் போட்டார்கள். தேவைக்கு மேலேயே போட்டுவிட்டார்கள். மூன்று வாரம் கழித்துத் திறந்தபோது, ஆற வைத்த தேயிலைத் தண்ணீர் போலத் துவர்த்தது. ரூபன் மரியாதைக்காக ஒரு கிளாஸ் குடித்தான். ஐவன் அரைக் கிளாஸ். வெர்னாவும் நோயெலியாவும் எதிரெதிரே உட்கார்ந்து மெதுவாக மீதியைக் குடித்தார்கள். அடுத்த வருஷம் ஒரு தலையணை உறை போதும் என்று வெர்னா சொன்னாள். ஒன்றரை என்றாள் நோயெலியா.